இரண்டே பேட்டரி

கட்டின பெண்டாட்டியை மறந்தாலும் மறப்பார், பிளேடு மாற்றுமுன், கைபட்டு ஓடிவிடாதபடி ரம்பத்திலிருந்து பேட்டரியைக் கழற்ற மட்டும் தச்சர் மறக்கவே மாட்டார். அவரிடம் இருந்தது இரண்டே பேட்டரி. ஒன்று ரம்பத்தில் ஓடும். மற்றதை ஆறவைத்து சார்ஜ் போடுவது மனைவியின் வேலை.

அன்று மத்தியானம் அவள் ஜன்னலோரம் போனபோது ஒன்று சார்ஜரில் இருந்தது; மற்றது பக்கத்தில் ஆறிக்கொண்டிருந்தது. அடுத்த அறையில் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டையும் எடுத்துக்கொண்டு அந்த அறை வாசலுக்குப் போனாள். அறுக்கிற ஆளைக் கூப்பிடக் கூடாது, கை பிசகிவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பேட்டரி மாட்டும் இடம் வெறுமையாக இருந்தது. தேக்குப் பலகை வெண்ணெயாக அறுபட்டது. மரத்தூள் வெயிலில் பொன்பொன்னாகப் பறந்தது. இத்தனை வருஷத்தில் இவ்வளவு நேரான அறுப்பை அவள் பார்த்ததில்லை.

ரம்பம் நின்றது. வழக்கம்போல் பேட்டரியைக் கழற்றப்போன தச்சரின் கை வெறும் குழியைத் தடவியது.

"எப்ப வந்து கழட்டுன?"

"நான் இப்பதாங்க வரேன்."

அவள் கைகளில் இருந்த இரண்டையும் அவர் மாறிமாறிப் பார்த்தார். தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல் ரம்பத்தை மேசையில் வைத்தார்.

"பிளேடு மாத்தணும்" என்றார் மெதுவாக. "இப்ப எதைக் கழட்டிட்டு மாத்துறது?"