பழைய பிளேடு

அறுபத்துநாலாம் வருஷத்தில் ஒருநாள், செஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் ரங்கநாதன், தர்மவதி டீச்சரின் வகுப்புப் பிள்ளைகள் செய்திருந்த அட்டைப்பெட்டிக் கருவியை வகுப்பு ஜன்னல் வழியே ராஜகிரி மலைப் பக்கத்து வானத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். உள்ளே இருந்த கண்ணாடிப் பட்டகம் வெளிச்சத்தை ஏழு நிறமாகப் பிரித்துக் காட்டியது.

"பிரமாதம்! வெளிச்சம் நுழையற இடுக்கை எதுல செஞ்சீங்க?"

"ரெண்டு பழைய சவர பிளேடு சார்" என்றார் டீச்சர்.

தலைமையாசிரியருக்குக் குமட்டியது. முடிதிருத்துபவர் மகள் அஞ்சலாட்சியை முறைத்தார்.

"சீ! கண்டவன் மூஞ்சியில இழுத்ததையா எடுத்தாந்த? வெளிய போ!"

அவள் அழுதுகொண்டே போனாள்.

அதே வகுப்பில் படித்த தலைமையாசிரியரின் மகள் வேதவல்லி எழுந்தாள்.

"அது உங்க பிளேடு நைனா. நான்தான் வீட்லேர்ந்து எடுத்தாந்தேன். நுரையும் முடியுமா ஒட்டிக்கினு இருந்துச்சு, எங்களுக்கெல்லாம் குமட்டுச்சு. அஞ்சலாட்சிதான் கழுவிக் குடுத்தா."