மேற்குக் கதவு

மேற்குக் கதவைத் தள்ளித் திறந்த வெள்ளைத்துரை, வலது காலைத் தூக்கி வெளியே வைக்கப் போய், கடைசி நொடியில் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

வெளியே தரை இல்லை. மாடிக்குக் கீழே தெருதான் இருந்தது. தெருவில் நின்ற ஆடு ஒன்று அண்ணாந்து பார்த்தது.

வெள்ளைத்துரை என் அண்ணனுக்கு மாமனார் ஆகப்போகிறவர். இன்னும் ஒரு அடி வைத்திருந்தால் ஆகியிருக்க மாட்டார்.

"என்ன தாயி, மருமகளைத் தள்ளிவிடுறதுக்குன்னே வாசல் வச்சிருக்கீகளா?"

அம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். காலை மட்டும் நன்றாக உள்ளே இழுத்துக்கொண்டார்.

தனி ரூம் இல்லாத வீட்டுக்குப் பெண் தரமாட்டோம் என்று இதற்கு முன் இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. கீழ்வீடு பழைய காரைக்கட்டிடம். பாரம் தாங்காது என்பதால் மூலைக்கு மூலை பில்லர் எழுப்பி, வீட்டின் தலையில் இந்த ரூமை உட்கார வைத்தோம். ஒரு பில்லர் அடுப்படிக்குள் வந்துவிட்டது. அதில் இப்போது காலண்டர் தொங்குகிறது.

ஒரு வாசல் போதும் என்றுதான் கொத்தனார் பலவேசம் சொன்னார். அம்மா கேட்கவில்லை. எம். புதுப்பட்டியில் அம்மா வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனி ரூமில் எதிரும் புதிருமாகக் கதவுகள். எல்லாமே வெளிப்பக்கம் திறப்பவை, தாழ்ப்பாள் கிடையாது. ஒரே வாசல் உள்ள இடத்தில் அம்மாவுக்குத் தூக்கம் வராது. சினிமா தியேட்டரில்கூட வெளியே போகும் கதவை ஒட்டித்தான் உட்காருவாள். அம்மா பார்த்த கதாநாயகர்கள் எல்லோரும் சற்றுக் கோணலானவர்கள்.

"எக்கா, வாசல்னா வெளிய தரை வேணும்லா?" என்றார் பலவேசம்.

"ஓடுறவுக தரையைப் பாத்துட்டா ஓடுவாக? நீ வையி."

வைத்தார். அந்த வாசலுக்கான வெளிப்படிக்கட்டை, பட்டாசு சீசன் முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. எங்கள் ஊரில் சீசன் முடிவதில்லை.

"சரி, ஊருக்குப் போயிச் சொல்லி அனுப்புறோம்" என்றார் வெள்ளைத்துரை.

முந்தைய இரண்டு இடத்துக்காரர்களும் இதே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள். அண்ணன் செல்வக்குமார், தானே அடித்த பெயிண்டை முதன்முதலாகப் பார்ப்பவன்போல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பெண்ணும் வந்திருந்தாள். ரூமைத் தானே பார்க்கவேண்டும் என்று அடம்பிடித்து வந்தாளாம். பெயர் எழில். வெம்பக்கோட்டையில் தையல் வேலை. எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

எழில் மேற்குக் கதவுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். கதவை இழுத்துச் சாத்தினாள். உள்ளங்கையால் தள்ளித் திறந்தாள். மறுபடி சாத்தினாள். இந்தமுறை ஒரு கையால் நிலையைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, தோளால் இடித்துத் திறந்தாள்.

"ஏத்தா, பாத்து!" என்று பதறினார் வெள்ளைத்துரை.

அவள் கதவில் பளபளத்த புதுத் தாழ்ப்பாளைத் தொட்டாள்.

"அத்தை, இதக் கழட்டச் சொல்லுங்க. அந்த வாசல்ல உள்ளதையும்."

கல்யாண ஜோடியின் ரூமுக்குத் தாழ்ப்பாள் வேண்டாம் என்ற பெண்ணை எங்கள் தெரு அதுவரை பார்த்ததில்லை. மிச்ச வேலைக்கு வந்திருந்த பலவேசம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணனின் காது சிவந்தது. நான் பொத்திக்கொள்ளவில்லை, சத்தமாகவே சிரித்தேன்.

அம்மா சிரிக்கவில்லை.

"எந்தக் கம்பெனித்தா?"

"இல்ல தாயி, அவ தையல்ல..." என்று ஆரம்பித்த வெள்ளைத்துரை நிறுத்திக்கொண்டார்.

எழில் கம்பெனிப் பெயரைச் சொன்னாள். பஸ் ஸ்டாப் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

என் சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மா பலவேசத்திடம் திருப்புளியை வாங்கி, இரண்டு கதவின் தாழ்ப்பாளையும் தானே கழற்றினாள். திருகாணிகளை முந்தியில் முடிந்துகொண்டு நிமிர்ந்தாள்.

"தேதி குறிச்சிருவமா, அண்ணாச்சி?"

போன சீசனுக்கு முந்தைய சீசனில் அந்தக் கம்பெனி பேப்பரில் வந்தது. வெடித்த ரூமில் நாலு பெண்கள் இருந்ததாக எழுதியிருந்தார்கள்.

இறந்தவர்கள் போட்டோ மூன்றுதான் போட்டிருந்தார்கள்.