இளக்காரம்

ஓவியக் கண்காட்சியில் ஒரு படத்தின் முன்னால் நின்று வாய் ஓயாமல் கேலி செய்துகொண்டிருந்தார் அந்தப் பல் டாக்டர்.

"இது மழையா, ஒழுகற கூரையா? வரைஞ்சவனுக்குக் கை சுளுக்கு போல!"

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். கண்காட்சி நடத்தும் அம்மாள் வந்தார்.

"எனக்கும் பிடிக்கலதான் சார்," என்றவர் பணியாளைக் கூப்பிட்டார். "இதைக் கழற்றிடுப்பா."

டாக்டர் பாய்ந்து படத்தைக் கட்டிக்கொண்டார்.

"தொடாதய்யா! ரெண்டு வருஷமா நான் வரைஞ்சது!"

"பேர் போடாம அனுப்பினது நீங்கதானா? அப்புறம் ஏன் நீங்களே காறித் துப்பினீங்க?"

"மத்தவங்க சிரிக்கறதுக்கு முன்னால நானே சிரிச்சுட்டா வலிக்காதுன்னுதான்..."

"தூற்ற அவ்வளவு வாய் இருந்துச்சே, என்னுதுன்னு சொல்ல வாய் இல்லையா? கையெழுத்தைப் போடுங்க!" அம்மாள் பேனாவை நீட்டினார்.

வாங்கி, படத்தின் மூலையில் பெரிதாகவே போட்டார் டாக்டர்.