இடம் மாறிய இரண்டெழுத்து

சத்தியமாக, இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

டாங்கா ஊர் ஆஸ்பத்திரி ஒன்றின் கணினித் திரை, ‘கரிபு’ என்று வரவேற்பதற்குப் பதிலாக ‘கபுரி’ என்றது. அந்த ஊர் மொழியில் கபுரி என்றால் கல்லறை. நோயாளிகள் வாசலோடு திரும்பினார்கள். பழி, கணினி பார்க்கும் கோம்போவின் தலையில் விழுந்தது.

யாரும் திருத்தலாம் என்கிற பொது மென்பொருள் அது. திருத்தி அனுப்பிவிட்டு, அதைக் கட்டிக்காக்கும் ஹிசாவைப் போனில் பிடித்தான்.

“அண்ணே, ரெண்டு எழுத்துதான். சேத்துக்கங்க.”

“சோதிச்சுப் பாத்தியா தம்பி?”

“எல்லாரும் ஓடிட்டாங்க, யாரை வச்சு சோதிக்க?”

மாதக்கணக்கில் கெஞ்சினான். ஒருநாள் ஹிசாவே அழைத்தார்.

“சேத்தாச்சு. உன் பொறுமை பிடிச்சிருக்கு. நான் விலகிட்டேன், இனி நீதான் பொறுப்பு.”

“சம்பளம்?”

“சிரிப்பு காட்டாத தம்பி.”

உலகெங்கும் தேங்கிக் கிடந்த புகார்களெல்லாம் கோம்போவின் திரையில் கொட்டின. உச்சியில் ஹிசாவின் வரவேற்பு: ‘கபுரி, கோம்போ!’

“அண்ணே, மறுபடியும் தப்பா எழுதிட்டீங்க!”

“இந்தத் தடவை சரியாத்தான் எழுதியிருக்கேன், தம்பி.”