சபைக்காரர் வீட்டு மாப்பிள்ளை

"மாட்டு டாக்டரா இருந்தா என்ன, மனுச டாக்டரா இருந்தா என்ன? பையன் நம்ம ஆளுக இல்லைல்ல. வரட்டும், காபியக் குடிக்கட்டும், போகட்டும்" என்றார் முத்திருளன்.

அவருடைய மகள் அஸ்வினி காதலிக்கும் சிவபாண்டி இன்னும் சற்று நேரத்தில் பெண் கேட்டு வரப்போகிறான். அப்பாவோ அவன் முகத்தைப் பார்க்கும் முன்பே தீர்ப்பு எழுதிவிட்டார். நேரில் பார்க்கச் சம்மதித்ததே அம்மா ஒரு வாரமாக மல்லுக்கட்டியதால்தான்.

"உங்க சபையில மட்டும் எல்லா ஆளுகளும் இருக்காங்கல்ல?" என்றாள் அம்மா செல்லத்தாய், கேசரிக்கு முந்திரி உடைத்தபடி.

"சபையப் பத்திப் பேசாத. அங்க எல்லாரும் சகோதரங்க. ஒரு சகோதரன் இன்னொருத்தன் வாசல்ல வந்து நின்னு ஒண்ணு கேட்டா, இல்லைன்னு சொல்லக் கூடாது. உசுரக் கேட்டாலும்..." சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். "பாத்தியா, இன்னைக்கும் என் வாயப் புடுங்குற!"

ஏழுவிளக்குச் சகோதரர் சபை. சிம்மக்கல்லில் ஒரு மாடியில், இரண்டாம் சனிக்கிழமைதோறும் கதவைச் சாத்திக்கொண்டு நடக்கும். ஆரப்பாளையத்தில் பைப் கடை வைத்திருக்கும் மனுஷர் அன்றைக்கு மட்டும் கறுப்புக் கோட்டு மாட்டி, பூட்டிய பெட்டியோடு கிளம்பிவிடுவார். அங்கே போய் விளக்கேற்றுகிறார்களா, வடை சுடுகிறார்களா, கட்டின பெண்டாட்டிக்கும் தெரியாது, பெற்ற மகளுக்கும் தெரியாது. கேட்டால், "தலையில கைய வச்சு சத்தியம் பண்ணியிருக்கேன். செத்தாலும் சொல்ல மாட்டேன்" என்பார்.

அஸ்வினி பள்ளியில் முதல் பரிசு வாங்கிய நாளும் ஓர் இரண்டாம் சனிக்கிழமை. அப்பா வரவில்லை. ரகசியம் வைத்திருக்கிறவனைக் கட்டவே கூடாது என்று அன்றே முடிவு கட்டினாள். சிவபாண்டியிடமும் முதல் நாளே சொல்லிவிட்டாள்: "என்கிட்ட மறைக்கிற விசயம் ஏதாச்சும் இருந்தா இப்பவே சொல்லிரு."

"ஒண்ணே ஒண்ணு இருக்கு. எனக்கு நாய்னா பயம்" என்றான் அந்த மாட்டு டாக்டர். அந்த ஒரு பதிலில்தான் அவள் விழுந்தாள்.

வாசலில் பைக் சத்தம் கேட்டது.

"வணக்கங்கய்யா" என்று உள்ளே வந்த சிவபாண்டி கையை நீட்டினான். முத்திருளன் வேண்டா வெறுப்பாகத் தன் கையைக் கொடுத்தார். கொடுத்த கை திரும்பவில்லை. அவருடைய புருவம் மேலே ஏறியது. வாய் லேசாகத் திறந்துகொண்டது. பிறகு இன்னொரு கையும் போய்ப் பையனின் கையைப் பொத்திக்கொண்டது.

"உக்காருங்க தம்பி, உக்காருங்க! ஏ செல்லம், ஃபேனப் போடு! கேசரி எங்க?"

சிவபாண்டி உட்காரவில்லை. "உங்க வாசல்ல வந்து நின்னு கேக்குறேன். அஸ்வினிய எனக்குக் கட்டிக் குடுங்க."

முத்திருளனுக்குக் கண் கலங்கிவிட்டது. "கேட்டுட்டீங்க. இனி நான் இல்லைன்னு சொல்ல முடியுமா? தை மாசமே வச்சுக்குவோம் மாப்ள!"

"என்னங்க, நம்ம ஆளுக இல்லைன்னு சொன்னீங்க?" என்றாள் செல்லத்தாய், ஒன்றும் தெரியாதவள்போல.

"எவன் சொன்னது? தம்பி நம்ம சபை, வேற ஊருக் கிளையா இருக்கும்! இதுக்கு மேல ஒரு வார்த்தை கேக்காத. வெளிய வச்சு நாங்களே ஒருத்தர ஒருத்தர் விசாரிக்கக் கூடாது."

அஸ்வினி அம்மாவை இழுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்மா! அவனும் அந்தச் சபையாம். நாய்னா பயம்னு கதை விட்டு என்னை ஏமாத்திட்டான். உன்னை மாதிரி ஆயுசுக்கும் பூட்டுன பெட்டியப் பாத்துக்கிட்டு என்னால வாழ முடியாது" என்று அழுதே விட்டாள்.

செல்லத்தாய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"அடி கூறுகெட்டவளே! அவன் அந்த மாடிப்படி பக்கம்கூடப் போனதில்ல. நேத்து மாட்டாஸ்பத்திரிக்கே போயி நாந்தான் சொல்லிக் குடுத்துட்டு வந்தேன். உனக்குச் சொன்னா உன் மூஞ்சியே காட்டிக் குடுத்துரும்னுதான் சொல்லல." மகளின் கையைப் பிடித்துக் குலுக்கி, மணிக்கட்டில் கட்டைவிரலால் இரண்டு முறை அமுக்கிக் காட்டினாள். "இதுதான்டி அவுக அடையாளம்!"

அழுகை நின்று, அஸ்வினியின் முகம் மலர்ந்தது. உடனே பயமும் வந்தது. "அப்பா சபையில போயி விசாரிச்சுட்டா?"

"விசாரிக்கட்டுமே. ரகசியத்த வெளிய விட்டது யாருன்னு அங்க கேட்டா, மொத ஆளா உங்கப்பாதான் மாட்டுவாரு."

"அப்பாவா? செத்தாலும் சொல்ல மாட்டாரேம்மா!"

"முழிச்சிருக்குறப்ப மூச்சு விட மாட்டாரு, தங்கமான மனுசன். ஆனா கல்யாணமான நாளா தூக்கத்துல தெனமும் என் கையப் பிடிச்சு இப்படித்தான் அமுக்குறாரு. பதிலுக்கு நானும் அமுக்குனாத்தான் 'வாங்க சகோதரா'ன்னு சொல்லிட்டுக் கொறட்டையே விடுறாரு!"