ராசு வீட்டுத் தண்ணீர்

மெட்ராசில் மாற்றி வைத்த சிறுநீரகம் சோர்ந்துபோகிறது, தண்ணீரை நிறையக் குடியுங்கள் என்று பரந்தன் ஆஸ்பத்திரி டாக்குத்தர் வயல் முதலாளி மயில்வாகனத்தாரிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கண்டாவளை வெயிலில் சைக்கிள் காற்றுப்போய் நின்ற அவருக்கோ நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

அவருடைய வயலில் கூலிக்கு நிற்கும், மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்து ராசு, தன் குடிசையிலிருந்து செம்போடு ஓடிவந்தான்.

“குடிங்கய்யா.”

“வேண்டாமடா. வீட்டை போய்க் குடிக்கிறன்.”

“வீடு மூணு மைலுங்க. சுத்தமான கிணத்துத் தண்ணிதாங்க.”

“தண்ணியிலை குறையில்லை. உங்கட ஆக்களின்ரை கையாலை நாங்கள் பச்சைத்தண்ணியும் வாங்கமாட்டம். பரம்பரைச் சுத்தம் எண்டு ஒண்டு இருக்கெல்லோ?”

ராசு சட்டையைத் தூக்கினான். விலாவோரம் நீளமாக ஒரு தழும்பு.

“ஐயா குடிக்க வேணாங்க. மெட்ராசுல உங்களுக்குக் குடுத்தேனே என் கிட்னி, அது இந்தத் தண்ணி குடிச்சு வளந்ததுங்க. பாவம், அதுக்கு ஒரு வாய் ஊத்துங்க.”