ஒருத்தர் சொன்னாரு

“இத நீயா யோசிச்ச?” என்று கேட்டான் கோகிலன்.

ஜெகதீஸ்வரி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். “ஏன், நான் யோசிக்கக் கூடாதா?”

“அப்படிச் சொல்லல. உன் பேச்சு மாதிரி இல்லையே.”

கோகிலனுக்குப் பத்து காவான் என்ற ஊரில் ஒரு ஃபேக்டரியில் இன்ஜினியர் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில், செபராங் ஜெயாவில் வீட்டுக்குப் பக்கத்துக் கோயில் மண்டபத்தில் சமய வகுப்பு எடுப்பான். அந்த வாரப் பேச்சை அவளிடம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். ‘சைவம் யாருடைய தயவும் இல்லாமல் தானாக வளர்ந்தது’ என்ற இடத்தில்தான் அவள் குறுக்கிட்டிருந்தாள்.

“தானா எதுவும் வளராதுங்க. சமணரும் பௌத்தரும் எதிர்ல நின்னு கேள்வி கேட்டாங்க. அதுக்குப் பதில் சொல்லிச் சொல்லித்தான் சைவம் இவ்ளோ கூர்மையாச்சு. எதிராளி மட்டும் இல்லேன்னா இன்னிக்கு உங்க வகுப்பே இல்ல லா.”

“யாரு சொன்னா?” என்று மறுபடியும் கேட்டான்.

“ஒருத்தர் சொன்னாரு.”

“பேரு?”

“பேரச் சொன்னா நீங்க பேர மட்டும்தான் கேப்பீங்க. விஷயத்தக் கேக்க மாட்டீங்க.”

அந்த ‘ஒருத்தர்’ சில மாதங்களாகவே வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் ஜெகதீஸ்வரி அவரைப் பார்க்கப் போவாள். அதை அவள் மறைக்கவும் இல்லை. “சாமி கும்பிடாதவரு. ஆனா அவர்கிட்ட பேசினா நேரம் போறதே தெரியாது” என்பாள். அதற்கு மேல் கேட்டால், “என்னை நம்புறீங்களா இல்லையா?” என்று சிரிப்பாள்.

நம்பினான். அவள் தப்பாக நடப்பாள் என்று அவனுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. தோன்றியிருந்தால் சண்டை போட்டாவது தீர்த்திருக்கலாம். கல்யாணமான புதிதில் அவன் பேசும்போது முன்வரிசையில் உட்கார்ந்து கண்கொட்டாமல் கேட்டவள் அவள். இப்போது அந்தக் கண்கள் வேறு யாரோ ஒருவனின் பேச்சுக்கு விரிகின்றன. அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன தோன்றியதோ, அவள் சொன்னதையே மண்டபத்தில் சொல்லிவிட்டான். ஒரே கைதட்டல். கோயில் தலைவர் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, இந்தக் கோணத்துல இங்க யாருமே பேசினதில்ல!”

கொடுத்த தேநீரைக் கோகிலன் குடிக்காமலே வைத்துவிட்டான். கைதட்டல் தனக்கில்லை என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த ஆளை வாயடைக்க வைக்கவேண்டும். வேலை முடிந்து வந்து தினமும் படித்தான். காரோட்டும்போதுகூட அதே யோசனை. வியாழக்கிழமை சாப்பிடும்போது பதில் கிடைத்துவிட்டது.

“ஜெகா, கேள்வி வெளிய இருந்து வரலாம். ஆனா பதில் சொல்லியே ஆகணும்னு ஒருத்தனுக்கு ஏன் தோணுது? அந்தப் பொருள் மேல முதல்லயே அன்பு இருக்கு. அன்பு இல்லாத ஒண்ணுக்காக எவனும் வாதாட மாட்டான். அதனால வாதம் ரெண்டாவது. அன்புதான் முதல்.”

அவள் கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது. “இன்னொரு தடவ சொல்லுங்க.”

பழைய ஜெகதீஸ்வரி திரும்பி வந்துவிட்டாள் என்று அவன் பூரித்துப் போனான். இன்னும் நிறுத்தி, இன்னும் அழகாகச் சொன்னான். சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனவன், அவள் தட்டைத் தேய்த்தபடி முணுமுணுப்பதைக் கேட்டான். “அன்பு இல்லாத ஒண்ணுக்காக எவனும் வாதாட மாட்டான்…”

“என்ன செய்ற?”

“மறந்துடுவேனேன்னுதான். சனிக்கிழம அவர்கிட்ட சொல்லணும்.”

கோகிலன் கையைத் துடைக்காமலே அறைக்குள் போய்விட்டான்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் ஆபீசுக்கு எதிரே காத்திருந்தான். அவளுடைய கார் கிளம்பியதும் பின்னாலேயே போனான். கடல் பாலத்தைத் தாண்டி, தீவுப் பக்கம் கெலுகோரில் ஒரு பழைய அடுக்குமாடிக்குக் கீழே அவள் நிறுத்தினாள். கையில் பலகாரப் பொட்டலம். லிஃப்டுக்காகக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் அவன் படியேறினான்.

மாடி மாடியாகத் தேடி, ஒரு வீட்டு வாசலில் அவளுடைய செருப்பைக் கண்டான். ஒட்டினாற்போல ஓர் ஆண் செருப்பு. மரக்கதவு திறந்திருந்தது, கம்பிக் கதவு மட்டும் சாத்தியிருந்தது. உள்ளே ஜெகதீஸ்வரி அவனுடைய வாதத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு சொல் பிசகவில்லை. சொல்லி முடித்துவிட்டு, “இப்ப என்ன சொல்றீங்க?” என்று சிரித்தாள்.

தட்டுவதற்குக் கோகிலன் கையை ஓங்கினான்.

“மாட்டிக்கிட்டேன்” என்றது உள்ளிருந்து ஆண் குரல்.

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது.

“சாமி இல்லன்னு ரப்பர்த் தோட்டம் தோட்டமா போய்ப் பேசினவன் நான். என்னையே யோசிக்க வச்சிட்டான். யாரும்மா இந்த ஆளு? உன் ஆபீஸா?”

“அப்படித்தான் வச்சுக்கங்களேன்.”

“இவனப் பெத்தவன நெனச்சாப் பொறாமையா இருக்கு ஜெகா. தினமும் ஒக்காந்து பேசலாம், சண்ட போடலாம். குடுத்து வச்சவன்!” குரல் கொஞ்சம் தணிந்தது. “எனக்கும்தான் ஒரு மகன். ஐயர வச்சுத்தான் உன் கழுத்துல தாலி கட்டுவேன்னு நின்னான். நான் கல்யாணத்துக்கு வரல. நான் இங்க வீடு மாறி வந்ததுகூட அவனுக்குத் தெரியாது.”

“கதவத் தொறங்கப்பா” என்றான் கோகிலன், கம்பிக் கதவுக்கு வெளியே நின்று.